சிவப்பு முதுகு ராணி

ரம்மிக்காக இரண்டு கட்டுச் சீட்டையும் ஒன்றாகக் கலந்து போட்டதில், சவரிமுத்துவின் கைக்கு, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ராணிகள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் முகம் ஒன்றுதான். ஒருத்திக்கு முதுகு சிவப்பு, இன்னொருத்திக்கு நீலம்.

"ஒரே சீட்டு ரெண்டு இருந்தா செட்டு சேராது. நம்மள்ல ஒருத்தியைக் கீழே போட்டுடுவார்," என்றாள் நீல ராணி.

"உன்னைத்தான் போடுவார்," என்றாள் சிவப்பு ராணி. "நான் புதுக் கட்டு. என்னைப் போட அவருக்கு மனசு வருமா?"

சவரிமுத்து முதுகை எங்கே பார்த்தார்? விரலுக்கு அகப்பட்டதை உருவிப் போட்டார். போனவள் நீல ராணி.

"பாத்தியா?" என்று சிவப்பு ராணி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

எதிரே இருந்த லூர்து மேரி இவ்வளவு நேரம் அந்த ஒரு சீட்டுக்குத்தான் காத்திருந்தார். நீல ராணியை லபக்கென்று எடுத்து, ஆட்டின் மந்திரிக்கும் ராஜாவுக்கும் நடுவே செருகினார்.

"ஆட்டம் முடிஞ்சுது!" என்று கையிலிருந்த அத்தனை சீட்டையும் விரித்துக் காட்டினார். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். சவரிமுத்து எரிச்சலில் தன் சீட்டுகளை வீசியதில் சிவப்பு ராணி குப்புற விழுந்தாள்.

மறுபடியும் கலைத்துப் போட்டார்கள். இந்த முறை இரண்டு ராணிகளும் லூர்து மேரியின் கையில் சந்தித்துக்கொண்டார்கள். நீல ராணி வாயைத் திறப்பதற்குள் சிவப்பு ராணி முந்திக்கொண்டாள்.

"இந்தத் தடவை என்னைத்தான் கீழே போடுவாங்க, பாரு. அதுக்கெல்லாம் புதுக் கட்டா இருக்கணும்."