ஊறுகாய்க்கு இடம்

அமெரிக்காவின் டுலூத் நகரில் ஒரு கார் கொட்டகை. வாசல் வழியே காலை வெயில் கொட்டுகிறது. வீட்டுப் பழைய சாமான்களைப் பரப்பி விற்கும் ஆர்டித், புகைப்படத்தாள் பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் கறுப்பு உறையை நகத்தால் கீறப் போகிறாள்.

"ஐயோ, பிரிக்காதீங்க! வெளிச்சம் பட்டா அத்தனையும் பாழாயிடும்!" வாங்க வந்த மார்லிஸ் பாய்ந்து அவள் கைகளைப் பிடித்துக்கொள்கிறாள். குளியலறையை இருட்டாக்கிப் படம் கழுவுகிறவள் அவள். இந்தத் தாளுக்காக ஊர் ஊராக அலைந்திருக்கிறாள். பிடிபட்ட கைகளோடு ஆர்டித் குலுங்கிச் சிரிக்கிறாள். "எங்க வீட்டுக்காரரும் கண்ணை மூடுற வரைக்கும் இப்படித்தான் கத்துவாரு, பாவி மனுசன்!" ஈரக் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, மூலையிலிருக்கும் குளிர்பெட்டியைத் திறக்கிறாள். அடித்தட்டு முதல் மேல்தட்டு வரை, கெடாமலிருக்க அவர் அடுக்கி வைத்த பிரிக்காத தாள் பெட்டிகள். நடுவே ஒரே ஒரு வெண்ணெய்க் கட்டி.

"எல்லாத்தையும் அள்ளிட்டுப் போம்மா. இனிமேலாவது நான் ஊறுகாய் வச்சுக்கறேன்."

மார்லிஸ் மேல்கோட்டைக் கழற்றித் தரையில் விரிக்கிறாள்.