கொத்திய முகம்

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பழைய ரோமானியக் காசுகள் என்றால் உயிர். அதிலும் ஒரு வெண்கலக் காசைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். அதில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேரரசர்களை எதிரெதிரே பார்க்கும்படி பொறித்திருந்தார்கள். அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டு, காசிலிருந்த தம்பி முகத்தையும் உளியால் கொத்தச் சொன்னானாம். இந்தக் காசிலும் தம்பி முகம் இருந்த இடத்தில் வெறும் உளித்தடம்தான்.

"ஆளைக் கொன்னா போதுமா? இருந்ததே தெரியக் கூடாது. அதுக்குப் பேர்தான் அரசியல்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சிரிப்பார்.

நேற்றுக் கடைப் பலகையிலிருந்து தன் சொந்தத் தம்பியின் பெயரை அழித்தாயிற்று. இன்று காலை தம்பி நியாயம் கேட்க வருகிறான். வரட்டும் என்று வீட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, காசை லென்ஸில் பார்த்தார்.

காசில் தம்பியின் முகம் முழுதாக இருந்தது. அண்ணனின் முகம் இருந்த இடத்தில்தான் உளித்தடம். எவனோ விளையாடியிருக்கிறான் என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். புதுக் கொத்து என்றால் உலோகம் பளபளக்கும். இந்தப் பள்ளத்திலோ பச்சைக் களிம்பு கெட்டியாக ஏறியிருந்தது. அப்படி ஏற நூற்றாண்டுகள் ஆகும்.

வாசலில் தம்பியின் குரல் கேட்டது. அதில் கோபமே இல்லை.

"அம்மா, கடைச் சாவி எங்கம்மா?"

"டீயாவது குடிச்சிட்டுப் போடா. பெத்தது ஒண்ணே ஒண்ணு, அதுவும் வயித்தைக் காயப்போட்டா எப்படி?"

"அம்மா!" என்று இவர் கத்தினார். அம்மா திரும்பவில்லை.

"நாற்காலி காலியாத்தானே கிடக்கு, உட்காரு" என்றாள் தம்பியிடம்.

தம்பி இவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நிதானமாக உட்காரத் தொடங்கினான்.