எரிக்க வேண்டிய வண்டி

வைக்கோலை வண்டிக்கு அடியில் திணித்துவிட்டான். தீக்குச்சியைக் கிழிக்கத்தான் கை வரவில்லை.

குதிரையை அவிழ்த்து வேலியோரம் கட்டியாயிற்று. செத்துப்போன மனைவியின் பீங்கான் தட்டுகளை ஒவ்வொன்றாக உடைத்தாயிற்று. சாவு விழுந்தால், ஊர் ஊராக வண்டியில் திரியும் ரோமா நாடோடிச் சனங்கள் செய்வது இதுதான். போனவளின் பொருள் ஒன்றும் மிஞ்சக் கூடாது. அவள் குடியிருந்த வண்டியும்தான்.

மிஞ்சினால் அதைத் தேடிக்கொண்டு அவள் வருவாள்.

வரட்டுமே என்றுதான் அவனுக்கு இருந்தது.

வண்டியை அவர்கள் வார்டோ என்பார்கள். முன்னோர்கள் எந்தக் காலத்திலோ காகசஸ் மலைப்பக்கமாக வந்தபோது அங்கிருந்தவர்களிடம் எடுத்துக்கொண்ட சொல்லாம். வெறும் வண்டி என்றுதான் பொருள். அதை வீடாக்கியவள் அவள். சன்னலுக்குத் திரை தைத்தாள். கட்டிலை ஒட்டித் தொட்டில் கட்டினாள்.

அந்தத் தொட்டிலில் பிள்ளை இன்னும் படுக்கவில்லை.

பிரசவத்துக்கு வண்டிக்கு வெளியே கூடாரம் போடுவது வழக்கம். கூடாரத்துக்குப் போனவள் திரும்பவில்லை. பிள்ளைக்கு இன்றோடு நான்கு நாள். இங்கிலாந்தில் அந்த வருஷம் பாவிப் பனி முன்னதாகவே விழுந்துவிட்டது.

அவளுடைய அக்கா ஸின்ஃபை பிள்ளையைச் சால்வைக்குள் சுருட்டி அணைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். பிள்ளை ஓயாமல் அழுதது.

"உசிரு போனது கூடாரத்துலதானே, லியாண்டர். வண்டிக்கு ஏது தீட்டு? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பச்சப் புள்ளைக்கு ஒரு கூரையாவது மிஞ்சட்டும்."

ஊர் வாய்க்கு அவன் பயப்படவில்லை.

வண்டி நின்றால் அவள் வருவாள். வந்தவள் சும்மா பார்த்துவிட்டுப் போவாளா? பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பெற்ற வயிறு. விட்டுப் போக மனசு வராது.

கிழித்தான்.

பச்சை வண்ணம் கொப்பளித்தது. திரை பற்றியது. அவன் வாய்விட்டு அழுதான். வெட்கப்பட அங்கே அந்நியர் யார் இருக்கிறார்கள்.

சட்டென்று பிள்ளையின் அழுகை நின்றது.

பதறித் திரும்பினான். ஸின்ஃபை தீக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். குளிரில் நீலம் பாரித்த சின்னக் கை சால்வைக்கு வெளியே நீண்டு விரிந்திருந்தது. பிறந்ததிலிருந்து இப்போதுதான் அதற்குக் கதகதப்பு கிடைக்கிறது.

கூரை சரிந்தது. தீ தாழ்ந்தது. பிள்ளை மறுபடி சிணுங்கியது.

அவள் முகத்தைப் பார்ப்பதுபோல அவன் தணலைப் பார்த்துக் குனிந்தான்.

"போயிடாதடி," என்றான். "இன்னும் கொஞ்ச நேரம் இரு."