விலைக்குக் கிடைக்காத இசை

“இந்தத் தட்டு எத்தனை இருக்கோ, அத்தனையும் கொடுங்க” என்றார் அந்த அம்மாள்.

இசைத்தட்டுக் கடைக்காரர் தூசி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். காலையிலிருந்து கடைக்குள் வந்த முதல் ஆள் அவர்தான். நேற்று வந்தவர் பக்கத்துத் தெருவுக்கு வழி கேட்டுவிட்டுப் போனார்.

“பதினொண்ணு இருக்கு மேடம். எல்லாமே ஒரே தட்டுதான்.”

“தெரியும். ‘ஆழ்கடல்’. அதேதான்.”

தேடி வந்த வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ள யாருக்கும் மனசு வராது. ஆனாலும் மறைத்து விற்றுப் பழக்கமில்லாதவர்.

“ஒண்ணு சொல்லிடறேன். இதே இசை இணையத்துல சும்மாவே கிடைக்குது. இலவசமா இசை வெளியிடற தளம் ஒண்ணு இருக்கு, அவங்கதான் ஆசைக்குப் பன்னிரண்டு தட்டு அடிச்சு எங்கிட்ட கொடுத்தாங்க. அதுல மட்டும் லட்சம் பேர் இறக்கிட்டாங்க.”

அம்மாளின் முகம் வெளுத்தது. “லட்சமா? போன வாரம் நாற்பதாயிரம்தானே இருந்துச்சு?”

“நீங்க…”

“அதைப் போட்டதே எங்க வீட்டுக்காரர்தான்.”

கடைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தட்டு விலைபோகவில்லை என்று புருஷன் மனம் ஒடிந்துவிடக் கூடாது. அதனால் பெண்டாட்டியே காதும் காதும் வைத்த மாதிரி வாங்கிப்போக வந்திருக்கிறார். முப்பது வருடமாகத் தட்டு விற்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க. ஓசியில கிடைச்சதை இந்தக் காதால கேட்டு அந்தக் காதால விட்டுருவாங்க மேடம். காசு கொடுத்தவன்தான் கவனிச்சுக் கேப்பான்.”

“காசு கொடுத்து யாராவது வாங்கிட்டாங்களா?” அவர் பதறினார்.

“ஒரே ஒருத்தர். பல் டாக்டர். நோயாளிங்க காத்திருக்கிற இடத்துல தினமும் போடறாராம்.”

“எங்க ஸ்கூலுக்கு எதிர்ல இருக்கிறவரா? எங்க பசங்களோட அம்மா அப்பா எல்லாரும் அங்கதான் போவாங்க. நான் அந்த ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. எல்லாரும் கேப்பாங்க.”

அம்மாள் கண்ணை மூடித் திறந்தார். “சார், அந்த இலவசத்தையும் மொத்தமா விலைக்கு வாங்கிட வழி இருக்கா? எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை.”

“விலைன்னு ஒண்ணு இருந்தாத்தானே மேடம் வாங்க முடியும்? யார் வேணா நகல் எடுக்கலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம்னு உங்க வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்திருக்கார். தளத்தையே மூடினாலும் அது லட்சம் வீட்டுல இருக்கும்.”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டுகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தார். கடைக்காரருக்குப் பாவமாக இருந்தது.

“வருத்தப்படாதீங்க. அவர் சாதாரண ஆள் இல்லை. அந்த அலை மெதுவா ஏறி, உச்சியில மூச்சு நின்ன மாதிரி நின்னு, அப்புறம் புஸ்ஸுனு இறங்குதே, கேக்கும்போது உடம்பே சிலிர்க்குது. எந்தக் கடற்கரையில போய்ப் பதிவு பண்ணினார்?”

அம்மாள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கடலும் இல்லை, அலையும் இல்லை சார். நான் குறட்டையே விடறதில்லைன்னு சாதிச்சேன். நீயே கேளுன்னு என் தலைமாட்டுல போனை வச்சுப் பதிவு பண்ணினார்.”