மலமாசத் தலைவர்

"பெப்ரவரி இருபத்தொன்பதுல கோயில் தொறக்க முடியாது. அது மலமாசம்!"

காலைப் பெரட்டில், கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்க வந்த அத்தனை பேர் முன்னாலும் தோட்டத் தலைவர் கந்தப்பன் இப்படி அறிவித்தார்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று கேட்ட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பக்கத்து வீட்டு நாகலெட்சுமியக்கா மகள் நிஷாந்திக்கு அன்றைக்குத்தான் கல்யாணம். இன்னும் மூன்றே நாள். மாப்பிள்ளை நிரஞ்சன் றொசல்லப் பக்கம். மறுநாளே கட்டாருக்கு விமானம் ஏறுகிறான். இந்த நாளை விட்டால் அவன் திரும்பி வர இரண்டு வருசமாகும். கோயில் சாவியோ இந்த மனுசன் இடுப்பில்.

"தலைவரே, அது ஒரு நாளு. மாசமே கெடையாது" என்றேன்.

"நாளோ மாசமோ, நாலு வருசத்துக்கு ஒருக்கா வந்து ஒட்டிக்கிற கழிவு. அன்னிக்குத் தாலி ஏறினா வெளங்காது டீச்சர்."

தோட்டப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருசமாகப் படிப்பிக்கிறேன். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா போக முடியுமா?

"மலமாசம்னா என்னான்னு தெரியுமா ஒங்களுக்கு? மலம்னா வடமொழியில அழுக்கு. ஒரே மாசத்துல ரெண்டு அமாவாசையோ ரெண்டு பௌர்ணமியோ வந்தா, அந்த மாசத்தை அப்படிச் சொல்லித் தள்ளி வைப்பாங்க. அது நிலாக் கணக்கு. இந்த மாசி மாசத்துல அப்படி எதுவும் இல்ல!"

"அப்ப அந்த லீப்பு?"

"லீப்புன்னா தாண்டுறது. இந்த வருசம் திங்கள்ல வர்ற பொறந்தநாளு அடுத்த வருசம் செவ்வாயில வரும். நடுவுல இந்த ஒரு நாளு கூடினா, செவ்வாயைத் தாண்டிப் புதன்ல போய் நிக்கும். அதான் அந்தப் பேரு. தமிழ்ல நெட்டாண்டு. நீண்ட ஆண்டு, அவ்வளவுதான். ரோமாபுரிக்காரங்க மார்ச்சுக்கு முந்தின ஆறாம் நாளை ரெண்டு தடவ எண்ணிட்டு, 'ரெண்டாம் ஆறு'ன்னே பேரு வச்சாங்க. இதுல எங்கய்யா இருக்கு கழிவு?"

"மலமாசத் தலைவரு!" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்த, எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

கந்தப்பன் முகம் கறுத்துப் போனது.

"நீங்க படிச்சவுங்க டீச்சர். ஆனா சாவி தர மாட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தூ! மேடையில் மாலை போடுகிறார்கள் என்றால் கழுத்தை முதலில் நீட்டுவது இவர்தான். ஏழைப் பெண் கழுத்தில் தாலி ஏறப் போகிறது என்றால் மட்டும் இவருக்குச் சாத்திரம் வந்துவிடும். இதுவரை ஒரு பஞ்சாங்கத்தையாவது விரித்துப் பார்த்திருப்பாரா? இவரைத் தலைவராக்கினோமே, எங்களைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். சாவி வாங்காமல் திரும்புவதில்லை என்ற வைராக்கியம்.

உள்ளே நாகலெட்சுமியக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான் பார்த்தேயிராத ஒரு பெண். இரண்டு பிள்ளைகள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"யாருக்கா இவுங்க?"

அந்தப் பெண்தான் சொன்னாள்.

"எம் பேரு சுதர்ஷினிங்க. நிரஞ்சன் சம்சாரம். இதுக ரெண்டும் அவரு புள்ளைங்க."

விவாகப் பதிவுச் சான்றிதழ் மேசைமேல் கிடந்தது. எடுத்துப் படித்தேன். நிரஞ்சன் பெயரேதான்.

"ஞாயித்துக்கிழம காதுல ஒரு சேதி விழுந்துச்சு டீச்சர்" என்றார் கந்தப்பன். "நெசமான்னு தெரியாம ஒருத்தன் மேல பழி போட முடியுமா? நெசமாவே இருந்தாலும் பெரட்டுல சொல்ற சேதியா அது? நம்ம பிள்ளை நிஷாந்தி பேரு லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு அடிபடுமே. அவன் ஊருக்கே போய் விசாரிச்சுட்டு வர ரெண்டு நாளு வேணும். அதான் வாயில வந்த சாக்கைச் சொன்னேன். பூசாரி மகன் நான், எனக்கா மலமாசம் தெரியாது?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பஞ்சாங்கத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"மன்னிச்சிருங்க தலைவரே. நாளைக்குப் பெரட்டுல அத்தனை பேரு முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுர்றேன்."

அவர் பதறிப் போனார்.

"ஐயையோ, காரியத்தைக் கெடுத்துராதீங்க! நாளைக்கும் வந்து என்னைத் திட்டணும் டீச்சர், நேத்தைவிடச் சத்தமா. கல்யாணம் நின்னது என்னோட மடத்தனத்தாலதான்னு தோட்டமே நம்பணும்."