கோட்டுப் பையில் ஒரு புத்தகம்

ஆலயத்தை ஒட்டிய அறையில் பிற்பகல் வெயில் நீள மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. முகாமிலிருந்து வந்த அகதிகள் வரிசையில் நிற்க, போதகரின் மனைவி ஆளுக்கொரு குளிர்கோட்டை உதறிக் கொடுக்கிறாள். ஒவ்வொரு கோட்டின் பையிலும் ஒரு சின்னச் சுவிசேஷப் புத்தகம். ‘நாம தேடிப் போகவேண்டிய ஜனங்கள ஆண்டவரே நம்மகிட்ட அனுப்பியிருக்கார்’ என்று போன ஞாயிறு பிரசங்கித்த போதகர் பக்கத்தில் நிற்கிறார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி கோட்டின் பைக்குள் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைக்கிறாள். “ஐயா, இதையும் வாங்கினாத்தான் கோட்டு தருவீங்களா?” போதகரின் காதுமடல் சிவக்கிறது. “ஐயோ, இல்லம்மா. கோட்டு உங்களோடது.” அவள் தலையாட்டுகிறாள், ஆனால் நகரவில்லை. “வீட்டுக்காரர் பின்னால படகுல வர்றாரு. பதினோரு நாளா தகவல் இல்ல. எங்க சாமி வேற. இருந்தாலும் உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.” “என்னன்னு கேக்கட்டும்மா?” “கரை சேரணும்னு மட்டும் கேளுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்.” போதகர் கண்களை மூடுகிறார். வரிசை காத்திருக்கிறது. அவள் கண்களை மூடவில்லை. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, அவர் உதடுகள் அசைவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.