வியாழக்கிழமை வட்டம்

"நடத்துறவங்க பேர் எங்கே?"

மேடத்தின் சிவப்புப் பேனா சதுரங்கப் போட்டி அறிவிப்பின் மேல் குறுக்காக ஓடியது.

"விளையாட்டுப் பிரிவுல இருந்து வந்தது மேடம். பேர் போடல."

"பேர் இல்லாத நிகழ்ச்சிக்கு நம்ம மடல்ல இடம் இல்ல. நாலு பேர் போய்ப் பூட்டின கதவு முன்னால நின்னா யார் பதில் சொல்றது? நீயா?"

பல்கலைக்கழக ஊழியர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் போகும் செய்திமடல் அது. யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு ஓய்வு, இந்த வாரம் எந்த அறையில் என்ன கூட்டம் என்று எல்லாம் அதில் வரும். செய்திப் பிரிவில் அவள் தொகுப்பாள், மேடம் வெட்டுவார். அலுவலகம் முழுக்க அவருக்குக் 'கத்தரி' என்றுதான் பெயர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கத்தரிக்குப் பயந்தே அவள் பாதி இளைத்தாள். மீதிப் பாதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில். உணவுக்கூடத்தில் ஒவ்வொரு மேசையும் ஒரு தனி ராஜ்ஜியம். காலியாகத் தெரிகிற நாற்காலிப் பக்கம் போனால், "ஆள் வருதும்மா" என்பார்கள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்படிக்கட்டுக்குப் போய்விடுவாள்.

வீட்டில் அம்மா தினமும் கேட்பாள். "இன்னிக்கு யார்கூட சாப்பிட்ட?"

"எல்லார்கூடவும்தான்."

அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். மேசை நாற்காலி வேலைக்குப் போன முதல் ஆளும் அவள்தான். 'எனக்கு அங்க ஒட்டலம்மா' என்று சொல்ல வாய் வரவில்லை. மாதக் கடைசியில் வேலையை விட்டு நின்றுவிடலாம் என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்த நேரத்தில்தான் மேடம் ஒரு சின்னச் செய்தியைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

'வியாழன் மதிய உணவு வட்டம். தோட்டத்து அறை. தனியாகச் சாப்பிடுகிறவர்கள் டப்பாவோடு வரலாம்.'

"சொன்னபடி நடக்குதான்னு வியாழக்கிழமை நீயே போய்ப் பார்த்துட்டு வா. சாப்பாட்டு நேரம்தானே, உன் டப்பாவையும் எடுத்துக்கோ" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

போனாள். ஒரு எலெக்ட்ரீஷியன், கொள்முதல் பிரிவு அக்கா, கணிதத் துறைக்குப் புதிதாக வந்த விரிவுரையாளர். பல் டாக்டருக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாம் சரியா நடக்குதா?" என்று கேட்டு வைத்தாள்.

"எங்கம்மா நடக்குது? இப்படி உக்காந்தா, வட்டம்னு பேர் வெச்சவங்களுக்கே அவமானம். எல்லாரும் கிட்ட வாங்க" என்று அக்கா மேசையை இழுத்துப் போட்டார்.

அன்று சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. மாதக் கடைசி வந்தது, போனது. நிற்கிற பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

அந்தத் தைரியத்தில்தான் இப்போது, சதுரங்க அறிவிப்பு வெட்டுப்பட்டதும் கேட்டாள். "அப்ப வியாழக்கிழமை வட்டத்துக்கும் பேர் இல்லையே மேடம்?"

பேனா நின்றது. "அது வேற. அதை விடு."

ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று நினைத்துக்கொண்டாள். கூடவே பயமும் வந்தது. மேலிடத்தில் யாராவது இதே கேள்வியைக் கேட்டால் வட்டத்துக்கும் ஒரு சிவப்புக் கோடுதான். அப்புறம் பழையபடி பின்படிக்கட்டுதான்.

வியாழக்கிழமை முதல் வேலையாகக் கேட்டாள். "நம்ம வட்டத்தை யார் ஆரம்பிச்சது? மடல்ல பேர் போடணும்."

"நீதானே?" என்றார் அக்கா. "முதல் நாள் அதிகாரி மாதிரி வந்து விசாரிச்சியே."

"ஐயோ, நான் இல்லக்கா. பார்த்துட்டு வரச் சொன்னாங்க, வந்தேன்."

"நான் இந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன்னு நெனச்சேன்" என்றார் விரிவுரையாளர். "நன்றி சொல்லலாம்னுகூட இருந்தேன்."

"சொல்லுங்க, வாங்கிக்கிறேன்" என்றார் எலெக்ட்ரீஷியன். "ஆனா நான் இல்ல. இந்த ரூம் சாவி எங்க பிரிவுலதான் தொங்கும். வியாழக்கிழமை ஆனா உங்க கத்தரிதான் வந்து வாங்குவாங்க. திறந்து, தூசி தட்டி, நாற்காலியைப் போட்டுட்டு, நாம வர்றதுக்குள்ள போயிடுவாங்க. ஆபீஸ் உத்தரவு போலன்னு நானும் கேட்டுக்கல."

அவள் கையில் எடுத்த கவளத்தைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தாள். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள்.

அலுவலகத்தில், தாள்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மேடம் தன் மேசையில் ஒற்றையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, வட்டம் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"நீங்க ஏன் மேடம் வர்றதில்ல?"

மேடம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் கை காட்டினார்.

"பின்படிக்கட்டு இதுக்கு நேர் கீழதான் இருக்கு. எத்தனை நாள்தான் பார்த்துக்கிட்டே நான் சாப்பிடறது?"

அவள் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தாள்.

"கத்தரி வந்து நடுவுல உக்காந்தா யாருக்குச் சோறு இறங்கும், சொல்லு. போ, அவங்க காத்திருப்பாங்க."

அந்தப் பட்டப்பெயர் மேடத்துக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த மடலை அவள் மேடத்திடம் நீட்டினாள்.

'வியாழன் மதிய உணவு வட்டம். இடமாற்றம்: செய்திப் பிரிவு, மேடம் மேசை. தனியாகச் சாப்பிடுகிறவர்கள் டப்பாவோடு வரலாம்.' அதன் கீழே, நடத்துகிறவர்கள் என்று நான்கு பேரின் பெயரும்.

மேடம் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

வெட்டியது ஒரே ஒரு வார்த்தையைத்தான். 'தனியாக'.